1977-இல் வந்த ஒரு கட்டுரை: நூலகத் தேடுபெட்டியில் அகப்படவில்லை, வழி சொல்லுங்கள்

வைகை_வடகரை
திங்கள், இரவு 9.12

எல்லோருக்கும் வணக்கம். மதுரையில் ஒரு கல்லூரியில் பகுதி நேரமாக பிஎச்.டி. பண்ணுகிறேன். சித்திரைத் திருவிழாதான் தலைப்பு. மீனாட்சி கல்யாணமும் அழகர் ஆற்றில் இறங்குவதும் மக்கள் வாயில் எப்படி ஒரே கதையாகச் சேர்ந்தன என்பது முதல் அத்தியாயம். படித்துப் பார்த்த என் கைடு ஓரத்தில் பென்சிலால் ஒரு வரி எழுதிக் கொடுத்தார்: ஹட்சன், சிவா மீனாட்சி விஷ்ணு, ஐ.ஈ.எஸ்.எச்.ஆர்., 14 (1), 1977, பக். 107–118. "இதைப் படிச்சிட்டு வாங்க, அப்புறம் பேசுவோம்" என்றார்.

அந்த வரியை அப்படியே ஆங்கிலத்தில் தட்டி எங்கள் நூலகத்தின் ஆன்லைன் தேடலில் போட்டேன். முடிவுகள் இல்லை. ஹட்சன் என்று மட்டும் போட்டால் ஹட்சன் ஆறு, ஹட்சன் விரிகுடா என்று கனடா வரைக்கும் போகிறது. மதுரை என்று போட்டால் முதல் பக்கம் பூராவும் கண் மருத்துவக் கட்டுரைகள்; அரவிந்த் மருத்துவமனையில் செய்த ஆய்வுகள் அவ்வளவு இருக்கின்றன. மீனாட்சி என்று போட்டால் அந்தப் பெயருள்ள ஆசிரியர்கள் எழுதிய வேதியியலும் கணிதமும் வருகின்றன.

பன்னிரண்டு பக்கக் கட்டுரை. அது எங்கேயோ இருக்கிறது என்று தெரியும், எடுக்கத்தான் வழி தெரியவில்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

தல்லாகுளம்_தம்பி
திங்கள், இரவு 9.30

அக்கா, கூகுள் ஸ்காலர்ல பார்த்தீங்களா? நம்ம காலேஜ் சைட்டை விட அது பரவாயில்ல. தலைப்பு கிடைச்சா கீழ "எல்லாப் பதிப்புகளும்"னு ஒரு லிங்க் இருக்கும், அதையும் அமுக்கிப் பாருங்க. சில நேரம் பிடிஎஃப் அதுக்குள்ள இருக்கும்.

பைபாஸ்_ரோடு
திங்கள், இரவு 10.05

எதுக்கு இவ்வளவு சிரமம்? எல்லாக் கட்டுரையும் சும்மா குடுக்குற தளம் ஒண்ணு இருக்குல்ல, அதுல போடுங்க. லிங்க் வேணும்னா தனியா அனுப்புறேன்.

நெறியாளர்
திங்கள், இரவு 10.20

அந்த மாதிரித் தளங்களின் இணைப்புகள் இங்கே வேண்டாம், தனி மடலிலும் வேண்டாம். கேட்டவருக்கு முறையான வழியே இருக்கும். தெரிந்தவர்கள் எழுதட்டும்.

அடுக்கு_எண்
செவ்வாய், காலை 7.40

மதுரைப் பக்கம் ஒரு கல்லூரி நூலகத்தில் பீரியாடிக்கல் செக்‌ஷனில் இருக்கிறேன். ஆராய்ச்சி மாணவர்கள் என் மேசைக்கு வந்து கேட்பதில் பாதிக்கு மேல் இதே கேள்விதான். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள் மேடம்.

உங்கள் கைடு கொடுத்த வரி அருமையான வரி. யார் எழுதியது, என்ன தலைப்பு, எந்த இதழ், எந்தத் தொகுதியில் எத்தனையாவது வெளியீடு, எந்தப் பக்கம், எல்லாமே அதில் இருக்கிறது. ஆனால் அது மனிதருக்கு மனிதர் எழுதிய வரி. தேடுபெட்டியில் அதை முழுசாகக் கொட்டினால், பெரும்பாலான கருவிகள் நீங்கள் போட்ட ஒவ்வொரு சொல்லும் ஒரே பதிவுக்குள் இருக்க வேண்டும் என்று எடுத்துக்கொள்ளும். "பக்." என்பதற்கான ஆங்கிலச் சுருக்கம், இதழின் சுருக்கெழுத்து, அடைப்புக்குறிக்குள் இருக்கும் 1 இதெல்லாம் கட்டுரையின் பதிவில் அதே வடிவத்தில் இருக்காது. ஒன்று இடித்தால் போதும், "முடிவுகள் இல்லை" என்று வந்துவிடும். கட்டுரை இல்லை என்று அதற்கு அர்த்தம் கிடையாது.

அடுத்தது எழுத்துக்கூட்டல். இதில்தான் நம் ஊர் விஷயங்களைத் தேடுகிறவர்கள் அத்தனை பேரும் அல்லாடுகிறார்கள். நாம் கோயில் போர்டில் பார்க்கிற மீனாட்சிக்கு ஆங்கிலத்தில் இரண்டு 'ஈ' வரும், 'எஸ்-எச்' வரும். ஹட்சன் மாதிரி ஆய்வாளர்கள் வடமொழி எழுத்துப்பெயர்ப்பு முறையில் எழுதினார்கள். அந்த முறையில் அது எம்-ஐ-என்-ஏ-கே-எஸ்-ஐ. ஐ மேலும் ஏ மேலும் ஒரு கோடு, எஸ் கீழ் ஒரு புள்ளி. சிவாவுக்கும் விஷ்ணுவுக்கும் 'எச்' கிடையாது. பழைய தலைப்புகளைக் கணினியில் ஏற்றும்போது இந்தக் கோடும் புள்ளியும் ஒவ்வொரு தளத்திலும் ஒவ்வொரு விதமாக விழுந்திருக்கும். நீங்கள் கோயில் போர்டுப்படி தட்டினால் இயந்திரத்துக்கு இரண்டும் ஒரே அம்மன் என்று தெரியாது.

அதனால் என் பழக்கம் இது: தலைப்பில் எந்தப் பகுதியை ஒரே ஒரு விதமாகத்தான் எழுத முடியுமோ அதைப் பிடிப்பேன். இந்தக் கட்டுரையின் தலைப்பில் சாமி பெயர்களுக்குப் பிறகு ஒரு பகுதி உண்டு: "ரிஃப்ளெக்‌ஷன்ஸ் ஆன் எ பாப்புலர் மித் இன் மதுரை". சாமி பெயர்களை விட்டுவிடுங்கள். இந்த ஆங்கிலத் தொடரை மட்டும் இரட்டை மேற்கோள் குறிக்குள் போட்டு, ஆசிரியர் கட்டத்தில் ஹட்சன் என்று போடுங்கள். இடது பக்கம் வடிகட்டிகள் இருக்கும். அங்கே "முழுக் கட்டுரையும் கிடைப்பவை மட்டும்" என்ற டிக் பல நூலகங்களில் தானாகவே விழுந்திருக்கும். அதை எடுத்துவிடுங்கள். முதலில் கட்டுரை இருப்பது தெரியட்டும், கைக்கு வருவதை அப்புறம் பார்ப்போம்.

இன்னொரு வழி இருக்கிறது, எனக்கு அதுதான் பிடிக்கும். கட்டுரையைத் தேடாதீர்கள், இதழைத் தேடுங்கள். ஐ.ஈ.எஸ்.எச்.ஆர். என்பது இந்தியன் எகனாமிக் அண்ட் சோஷியல் ஹிஸ்டரி ரிவ்யூ. 1963-இல் தொடங்கிய காலாண்டிதழ், இப்போது சேஜ் பதிப்பகம் வெளியிடுகிறது. நூலகப் பக்கத்தில் ஏ முதல் இசட் வரை இதழ்ப் பட்டியல் ஒன்று இருக்கும். அதில் இதழின் முழுப் பெயரைப் போட்டுத் திறந்து, தொகுதி 14, வெளியீடு 1 என்று இறங்கினால் பக்கம் 107-இல் கட்டுரை இருக்க வேண்டும். இப்படிப் போகும்போது எந்தத் தேடல் இயந்திரத்தின் தயவும் நமக்குத் தேவைப்படாது. பெயர் குழப்பினால் ஐஎஸ்எஸ்என், அதாவது ஒவ்வொரு இதழுக்கும் உள்ள அடையாள எண்ணைப் போடுங்கள்: 0019-4646. அதில் எழுத்துப்பிழைக்கே இடமில்லை.

ஓபேக்கில், அதாவது நூலகத்தின் கணினிப் பட்டியலில், தேடியிருந்தால் அது வேறு கதை. ஓபேக்கில் நூலகம் வாங்கிய புத்தகங்களும் இதழ்களின் பெயர்களும்தான் இருக்கும். அது தெருப் பெயரைச் சொல்லும், வீட்டுக்குள் யார் இருக்கிறார்கள் என்று சொல்லாது. கட்டுரைத் தலைப்பை அங்கே போட்டுப் பலன் இல்லை.

வைகை_வடகரை
செவ்வாய், மதியம் 1.25

சார், ரொம்ப நன்றி. நீங்கள் சொன்ன தொடரை மேற்கோளுக்குள் போட்டதும் முதல் முடிவாகவே வந்துவிட்டது. டி. டென்னிஸ் ஹட்சன், 1977, அதே இதழ், 107–118. பார்த்ததும் அவ்வளவு சந்தோஷம்.

ஆனால் திறந்தால் பூட்டுப் படம். முதல் பக்கம் மட்டும் தெரிகிறது, கீழே டாலரில் விலை. அதே இதழில் 2005-இல் வந்த ஆனந்த் பாண்டியன் கட்டுரை, 1896-இல் கள்ளர்களுக்கு எதிராக நடந்த இயக்கம் பற்றியது, அது மட்டும் தடையில்லாமல் இறங்குகிறது. ஒரே இதழ், ஒரே லாகின். ஒன்று வருகிறது, ஒன்று வரவில்லை. இது எப்படி?

அடுக்கு_எண்
செவ்வாய், இரவு 8.50

சரியான இடத்தில் சரியான கேள்வி. நூலகம் ஒரு இதழுக்குச் சந்தா கட்டுகிறது என்றால் அந்த இதழின் எல்லா ஆண்டுகளுக்கும் கட்டுகிறது என்று ஆகாது. சேஜைப் பொறுத்தவரை 1999-க்குப் பிந்தியவை ஒரு தொகுப்பு. 1998 வரை உள்ள பழையவை தனித் தொகுப்பு, தனிக் காசு. 2005 உங்களுக்குத் திறந்து 1977 திறக்காததற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். இதழ்ப் பட்டியலில் பெயருக்குக் கீழே சிறிய எழுத்தில் "1999 முதல் இன்று வரை" என்கிற மாதிரி ஒரு வரி இருக்கும். அதை யாரும் படிப்பதில்லை. நான் முதலில் பார்ப்பது அந்த வரியைத்தான்.

நூலகத்தில் கேட்க வேண்டியது: "நம்ம கல்லூரி ஒரே நாடு ஒரே சந்தா திட்டத்தில் இருக்கிறதா, என்-லிஸ்டில் இருக்கிறதா?" முதலாவது திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை 2024 நவம்பர் 25 அன்று ஒப்புதல் கொடுத்தது. 30 பதிப்பகங்கள், ஏறக்குறைய 13,000 மின்னிதழ்கள், மூன்று ஆண்டுக்கு 6,000 கோடி ரூபாய். 2025 ஜனவரியிலிருந்து நடக்கிறது. சேஜும் அதில் உண்டு. மத்திய, மாநில அரசுகள் நடத்தும் உயர்கல்வி நிறுவனங்களுக்கும் மத்திய அரசின் ஆய்வு நிறுவனங்களுக்கும் முதலில் கொடுத்திருக்கிறார்கள். இரண்டாவதான என்-லிஸ்ட், கல்லூரிகளுக்கு மின்னிதழ்களும் மின்னூல்களும் கொடுக்கும் திட்டம். இரண்டையும் காந்திநகரில் உள்ள இன்ஃப்லிப்நெட் என்ற பல்கலைக்கழக மானியக் குழுவின் மையம்தான் கவனிக்கிறது. வீட்டிலிருந்து பார்ப்பதற்குத் தனி லாகின் வேண்டும், அதை உங்கள் நூலகர்தான் போட்டுக் கொடுப்பார். கல்லூரி வைஃபையில் திறப்பது வீட்டில் திறக்காமல் இருப்பதற்கும் அதுவே காரணம்.

இதெல்லாம் கைகொடுக்காவிட்டாலும் கவலை வேண்டாம். 1977 என்றால் அச்சில் வந்த காலம். வரலாறு, பொருளாதாரம் பாடம் உள்ள பழைய கல்லூரிகள் இந்த இதழை அப்போதே தபாலில் வாங்கி, ஆண்டு முடிந்ததும் நான்கு வெளியீட்டையும் சேர்த்துக் கட்டி வைத்தன. பவுண்ட் வால்யூம் என்று கேளுங்கள். ஓபேக்கில் இப்போது இதழின் பெயரைப் போட்டால் "இருப்பு: தொ. 8–27, தொ. 19 இல்லை" என்பது போல ஒரு வரி வரும். அதில் 14 இருந்தால் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பலாம்.

கேகே_நகர்_ஓய்வு
புதன், காலை 6.15

நூலகர் தம்பி தெளிவாகச் சொல்லியிருக்கிறார். வரலாற்றுத் துறையில் பாடம் சொல்லி ஓய்வு பெற்றவன் என்ற முறையில் கொஞ்சம் சேர்க்கிறேன்.

அம்மா, நீங்கள் தேடுவது தனியாக வந்த கட்டுரை அல்ல. அந்த 1977 முதல் வெளியீடே தென்னிந்தியக் கோயில்களைப் பற்றிய சிறப்பிதழ். பர்ட்டன் ஸ்டெயின் அதைத் தொகுத்தார். மறு ஆண்டு, 1978-இல், அதே கட்டுரைகள் அவர் பதிப்பில் புது தில்லி விகாஸ் வெளியீடாகப் புத்தகமாகவும் வந்தன: "சவுத் இந்தியன் டெம்பிள்ஸ்: அன் அனலிட்டிகல் ரீகன்சிடரேஷன்". இதழ் பூட்டியிருந்தாலும் புத்தகம் பூட்டியிருக்காது அல்லவா? இந்தப் பெயரை ஓபேக்கில் போடுங்கள். இப்போது ஓபேக் உங்களுக்கு உதவும், ஏனென்றால் நீங்கள் தேடுவது புத்தகம். ஆசிரியர் கட்டத்தில் ஹட்சன் என்று போடாமல் ஸ்டெயின் என்று போடுங்கள்.

பல்கலை நகரில் உள்ள தெ.பொ.மீ. நூலகம், அமெரிக்கன் கல்லூரியின் டேனியல் பூர் நூலகம், நத்தம் சாலையில் 2023-இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம் என்று மதுரையில் விசாரிக்க இடங்கள் உண்டு. வெளியாட்களை எப்படி அனுமதிப்பார்கள் என்பதை முன்கூட்டியே போனில் கேட்டுக்கொண்டு போங்கள். கைடிடமிருந்து ஒரு கடிதம் கையில் இருந்தால் வாசலில் நிற்க வேண்டி வராது.

ஹட்சன் இதே பொருளில் இன்னொன்றும் எழுதியிருக்கிறார்: மதுரையின் இரண்டு சித்திரைத் திருவிழாக்கள் பற்றியது. உங்கள் அத்தியாயத்துக்கு அதுவும் மிக அவசியம். ஆனால் அதை எந்த இதழிலும் தேடாதீர்கள், கிடைக்காது. வெல்பன், யோகம் இருவரும் பதிப்பித்து 1982-இல் மனோகர் வெளியிட்ட, தென்னிந்திய இலங்கைச் சமய விழாக்கள் பற்றிய தொகுப்பில் அது ஒரு அத்தியாயம். என் மாணவர்கள் பலர் தொகுப்பு நூலின் அத்தியாயத்தை இதழ்க் கட்டுரை என்று எண்ணித் தேடி அலைந்திருக்கிறார்கள். மேற்கோள் வரியில் தொகுதி எண் இல்லாமல் பதிப்பாசிரியர் பெயரும் ஊர்ப் பெயரும் இருந்தால் அது அத்தியாயம். அப்போது தேட வேண்டியது தாய் நூலின் பெயரை.

வைகை_வடகரை
புதன், மதியம் 12.50

ஐயா, இது எனக்குப் பெரிய உதவி. சில நூல்களின் அடிக்குறிப்பில் "ஹட்சன் 1978" என்று வருகிறது. அப்படியானால் அதுவும் இதே கட்டுரைதானா? நான் புத்தகத்தில் படித்துவிட்டு 1977 என்று இதழைக் குறிப்பிடலாமா?

கேகே_நகர்_ஓய்வு
புதன், மாலை 5.30

பெரும்பாலும் அதேதான், தலைப்பை ஒப்பிட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். நீங்கள் கையில் வைத்துப் படித்தது எதுவோ அதைத்தான் குறிப்பிட வேண்டும். புத்தகத்தில் படித்தால் 1978, ஸ்டெயின் பதிப்பு, அதன் பக்க எண். முதலில் இதழில் வந்தது என்பதை அடைப்புக்குறிக்குள் சேர்க்கலாம். பார்க்காத ஒன்றைப் பார்த்தது போல் எழுதக் கூடாது. இதில் நான் எந்த மாணவருக்கும் விட்டுக்கொடுத்தது இல்லை.

ஆனையூர்_ஆசிரியர்
புதன், இரவு 9.10

எனக்கு ஒரு மாற்றுக் கருத்து. எல்லாரும் மாணவருக்கே பாடம் எடுக்கிறோம். மீனாட்சியை எந்த எழுத்துக்கூட்டலில் போட்டாலும் காட்டுகிற மாதிரி அந்தக் கருவி இருக்க வேண்டாமா? மக்கள் வரிப்பணத்தில் கோடிக்கணக்கில் சந்தா கட்டுகிறோம். ஒரு கிராமத்துப் பிள்ளை முதல் தலைமுறையாகப் பிஎச்.டி.க்கு வருகிறாள். தேடுபெட்டியில் "முடிவுகள் இல்லை" என்று வந்தால் அவள் நம்பிவிடுவாள். தன் ஊர்ச் சாமியைப் பற்றி உலகத்தில் யாரும் எழுதவில்லை என்று நினைத்துக்கொள்வாள். அது எனக்குத் தாங்கவில்லை.

அடுக்கு_எண்
வியாழன், காலை 7.20

ஆசிரியர் சொல்வதை முழுமனதாக ஏற்கிறேன். எனக்கும் அதே ஆதங்கம் உண்டு. அந்தக் கருவிகள் தேடிப் பார்க்கும் கட்டுரைப் பட்டியலை நாங்கள் செய்வதில்லை, பெரிய நிறுவனங்கள் செய்கின்றன. எழுத்துப்பெயர்ப்பை அவர்கள்தான் சரி செய்ய வேண்டும். ஆனால் நூலகத்தின் கையில் இருப்பதும் நிறைய இருக்கிறது. எந்த இதழுக்கு எந்த ஆண்டு முதல் உரிமை என்ற விவரத்தை நாங்கள்தான் பதிகிறோம்; அது தப்பாக இருந்தால் கட்டுரை இருந்தும் இணைப்பு வேறு எங்காவது போய் முட்டும். அப்படி உடைந்த இணைப்பைப் பார்த்தால் மாணவர்கள் பேசாமல் போய்விடாமல், திரையைப் படம் எடுத்து நூலகத்துக்கு அனுப்ப வேண்டும். யாராவது சொன்னால்தான் திருத்த முடியும். ஒருவர் சொன்னால் அவருக்குப் பின்னால் வருகிற எத்தனையோ பேருக்கு அந்தக் கதவு திறக்கும்.

முதலாண்டு ஆராய்ச்சி மாணவர்களை ஒரு முழு நாள் உட்கார வைத்து இதைச் சொல்லித்தர வேண்டும் என்று எங்கள் கல்லூரியில் கேட்டு வாங்கியிருக்கிறேன். புரொஜெக்டரில் படம் காட்டினால் போதாது. ஒவ்வொருவரும் தன் தலைப்பில் ஒரு மேற்கோளைக் கொண்டுவந்து, கட்டுரை கைக்கு வந்த பிறகுதான் எழுந்து போக வேண்டும்.

கீழமாசி_வீதி
வியாழன், காலை 11.00

நான் வேற வழில போனேன். ஏஐ சாட்பாட்கிட்ட இதே தலைப்பைக் கேட்டேன். ஹட்சன் 1981-ல அதே இதழ்ல, தொகுதி 22-ல இன்னொரு கட்டுரை எழுதியிருக்காருன்னு பக்க எண்ணோட குடுத்துச்சு. வடகரை அக்காவுக்கு உதவும்னு போடுறேன். ஆனா எங்கிட்டுத் தேடியும் அது கிடைக்க மாட்டேங்குது.

அடுக்கு_எண்
வியாழன், மதியம் 1.40

தம்பி, தேடுவதற்கு முன்னால் ஒரு கணக்குப் போடுங்கள். இந்த இதழ் எழுபதுகளிலிருந்து ஆண்டுக்கு ஒரு தொகுதியாக வருகிறது. தொகுதி எண்ணோடு 1963-ஐக் கூட்டினால் ஆண்டு வரும். 14-ஐக் கூட்டினால் 1977. பாண்டியன் கட்டுரை தொகுதி 42, கூட்டினால் 2005. உங்களுக்கு வந்ததில் தொகுதி 22 என்றால் 1985 ஆக வேண்டும், 1981 என்றால் தொகுதி 18 ஆக வேண்டும். இரண்டும் பொருந்தவில்லை. இந்த மேற்கோளை நம்பாதீர்கள். அந்த வகைப் பொறிகள் இருக்கிற ஆசிரியர் பெயரையும் இருக்கிற இதழ் பெயரையும் எடுத்து, இல்லாத கட்டுரையைச் சேர்த்துத் தைத்துவிடும். பார்க்கச் சுத்தமாக இருக்கும்.

டிஓஐ, அதாவது ஒவ்வொரு கட்டுரைக்கும் இணையத்தில் உள்ள அடையாள எண், கொடுத்திருந்தால் அதையும் உற்றுப் பாருங்கள். பாண்டியன் கட்டுரையின் எண் 10.1177/001946460504200101. சாய்கோட்டுக்குப் பிறகு வரும் எட்டு இலக்கம் 00194646, அது இதழின் ஐஎஸ்எஸ்என்தான். அடுத்த 05 ஆண்டு, அடுத்த 042 தொகுதி. அதற்குப் பிறகு வெளியீடும் வரிசையும். சேஜ் தளத்தில் இந்த இதழின் பழைய கட்டுரைகளுக்கு எண் இந்த அமைப்பில்தான் வரும். பொய்யான எண் பல நேரம் இங்கேயே மாட்டிக்கொள்ளும். மாட்டாவிட்டால் டிஓஐ தளத்தில் போட்டுப் பாருங்கள், இல்லாத எண் திறக்காது.

மேலூர்_மாணவி
வியாழன், இரவு 8.15

ஐயா, சார், இடையில் வருவதற்கு மன்னிக்கவும். நான் எம்.ஏ. தமிழ். எனக்கு வேண்டியது ஆங்கில இதழ் இல்லை, நம்ம மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் செந்தமிழ் இதழில் வந்த கட்டுரை. ராகவ ஐயங்கார் எழுதியது, 1903 என்று குறிப்பு இருக்கிறது. இந்தத் தேடுபெட்டி எதிலும் வரவில்லை. நீங்கள் சொன்ன முறை இதற்கும் பொருந்துமா?

கேகே_நகர்_ஓய்வு
வெள்ளி, காலை 6.00

பொருந்தும் பாப்பா, ஆனால் பாதை வேறு. பல்கலைக்கழகங்கள் வாங்குகிற அந்தத் தேடல் கருவிகளில் நூறாண்டுக்கு முந்திய தமிழ் இதழ்களின் கட்டுரைத் தலைப்புகள் அநேகமாக ஏறியிருக்காது. அதனால் அங்கே நேரத்தைக் கொட்டாதீர்கள். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம், இன்டர்நெட் ஆர்கைவ் இரண்டிலும் பழைய இதழ்களின் படிகள் ஏறியிருக்கின்றன. அவையும் பெரும்பாலும் தொகுதி தொகுதியாகத்தான் ஏறியிருக்கும், உள்ளே இருக்கும் கட்டுரைப் பெயரால் தேட முடியாது. தொகுதியைத் திறந்து பொருளடக்கத்தை நாமேதான் புரட்ட வேண்டும்.

இப்போது உங்கள் குறிப்புக்கு வருகிறேன். பாண்டித்துரைத் தேவர் 1901-இல் சங்கத்தை நிறுவினார். செந்தமிழ் 1902 கடைசியில் தொடங்கியது. அந்தக் கால இதழ்களில் ஆங்கில ஆண்டை நம்பிப் போனால் தடுமாறுவீர்கள். தொகுதி, பகுதி, அதோடு தமிழ் ஆண்டு, தமிழ் மாதம் என்று பார்க்க வேண்டும். 1903 சித்திரை பிறக்கும் வரை சுபகிருது, பிறந்த பிறகு சோபகிருது. ஆகவே 1903 என்ற குறிப்பு இரண்டில் எதுவாகவும் இருக்கலாம், இரண்டையும் பாருங்கள். அறுபது ஆண்டு கழித்து அதே பெயர் திரும்ப வரும் என்பதையும் மனதில் வையுங்கள்: 1962–63-உம் சுபகிருதுதான். நூற்பட்டியலில் ஆண்டுப் பெயர் மட்டும் இருந்தால் எந்தச் சுபகிருது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

பெயரிலும் கவனம் வேண்டும். செந்தமிழோடு தொடர்புடைய இராகவையங்கார் இருவர். இதழின் முதல் ஆசிரியர் ரா. இராகவையங்கார். மு. இராகவையங்கார் வேறு. தலைப்பெழுத்து இல்லாமல் குறிப்பு எடுத்தால் இருவரும் ஒருவராகிவிடுவார்கள். பட்டியலில் ராகவ ஐயங்கார், ராகவையங்கார், இராகவையங்கார் என்று மூன்று விதமாகவும் போட்டுப் பாருங்கள். "இ" இருந்தால் ஒரு இடத்திலும் இல்லாவிட்டால் வேறு இடத்திலும் அகர வரிசையில் நிற்கும்.

உங்கள் கட்டுரைத் தலைப்பைத் தனி இழையாகப் போடுங்கள். என்னிடம் சில தொகுதிகளின் பொருளடக்கம் கைப்பிரதியாக இருக்கிறது, பார்த்துச் சொல்கிறேன்.

மேலூர்_மாணவி
வெள்ளி, காலை 9.45

கண்டிப்பாகப் போடுகிறேன் ஐயா. நன்றி.

வைகை_வடகரை
சனி, மாலை 6.40

கிடைத்துவிட்டது! எங்கள் நூலகத்தின் பட்டியலில் இதழின் இருப்பு தொகுதி 20-க்கு மேல்தான் இருந்தது. எங்கள் நூலகரிடம் கேட்டதும் அவரே நகரத்தில் இன்னொரு கல்லூரிக்குப் போன் போட்டு, 14 இருக்கிறதா என்று கேட்டு, ஒரு கடிதமும் கொடுத்து அனுப்பினார். இதை அவர் வேலையாகக்கூட நினைக்கவில்லை, தானும் சேர்ந்து தேடுவது போலவே செய்தார்.

அங்கே இதழ்கள் மாடியில் பெயர் வரிசையில் அடுக்கியிருக்கின்றன. சிவப்பு ரெக்சின் அட்டை, முதுகில் தங்க எழுத்தில் இதழின் பெயர் பாதி தேய்ந்துபோய் 14, 1977 என்பது மட்டும் நன்றாகத் தெரிகிறது. உள்ளே நான்கு வெளியீடும் ஒரே கட்டு. பக்க எண் ஆண்டு முழுக்கத் தொடர்ந்து ஓடுவதால் 107-ஐப் பிரித்ததும் நேராக ஹட்சன்தான். கட்டு இறுக்கமாக இருந்ததால் ஜெராக்ஸ் போட்டால் உள்ஓரத்து எழுத்துகள் விழவில்லை. அங்கிருந்த அக்கா "அட்டையை அமுக்காதம்மா, போன்ல ஒவ்வொரு பக்கமா எடு" என்று சொல்லி, ஜன்னல் பக்கம் மேசை போட்டுக் கொடுத்தார். பன்னிரண்டு பக்கமும் தெளிவாக வந்திருக்கிறது. முதல் பக்கத்தையும் இதழின் அட்டைப் பக்கத்தையும் சேர்த்தே எடுத்துக்கொண்டேன், மேற்கோளுக்கு வேண்டும் என்று.

கட்டுரையைப் படித்துவிட்டேன். என் கைடு ஏன் இதை முதலில் படிக்கச் சொன்னார் என்பது புரிகிறது. அத்தியாயத்தின் நடுப்பகுதியைத் திரும்ப எழுதப் போகிறேன்.

இன்னொரு கேள்வி. ஹட்சனின் அடிக்குறிப்புகளைப் பார்க்கும்போது, ராமநாதபுரம் அரசர்களுக்கும் கோயில்களுக்கும் இருந்த உறவைப் பற்றியும் படிக்க வேண்டும் என்று தோன்றுகிறது. எங்கே தொடங்குவது?

கேகே_நகர்_ஓய்வு
சனி, இரவு 7.30

கரோல் பிரெக்கன்ரிட்ஜ் எழுதியதிலிருந்து தொடங்குங்கள். காவலராக இருந்த ராமநாதபுரம் ராஜா எப்படி வழக்காடுபவராக மாறினார் என்பதுதான் அதன் பொருள். ஆங்கிலத்தில் "ஃப்ரம் ப்ரொடெக்டர் டு லிட்டிகண்ட்" என்று தொடங்கும். ராம்நாட் என்றுதான் எழுதியிருப்பார், ராமநாதபுரம் என்று தேடினால் வராது.

அடுக்கு_எண்
சனி, இரவு 7.55

அதைத் தேடவே வேண்டாம் மேடம். அதே 1977 முதல் வெளியீடு, பக்கம் 75-இல் தொடங்கி 106-இல் முடிகிறது. நீங்கள் பிரித்த பக்கத்துக்கு முந்தின பக்கம் அதன் கடைசிப் பக்கம். அதற்கும் முன்னால் 47-இலிருந்து அர்ஜுன் அப்பாதுரையின் கட்டுரை, தென்னிந்திய அரசர்கள், சமயப் பிரிவுகள், கோயில்கள் பற்றியது. திங்கட்கிழமை அந்த அக்காவுக்கு ஒரு போன் போட்டுவிட்டுப் போங்கள், கட்டை மறுபடி எடுத்து வைத்திருப்பார்.